மஞ்சள் தண்ணீரில் கழுவிய ஆறு பெட்டி

பிரான்சுக்கு வந்து பன்னிரண்டு வருடம். இந்த நாட்டில் நான் பார்த்த ஊர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். குடியிருக்கிற லா ஷப்பல், வேலை தேடி அலைந்த லா கூர்னெவ், ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதாவது மஞ்சள் நீராட்டுக்குப் போன ஸ்தேன், விமானநிலையத்தில் வேலை செய்கிற சொந்தக்காரர் இருக்கிற கூசேன்வில். அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டின் மண்ணை என்னைப்போலத் தேய்த்துக் கழுவியவர்கள் குறைவு. ரோன் பக்கத்திலிருந்து வருகிற பழப்பெட்டிகளுக்குள் கூழாங்கல் கிடக்கும். லுவார்ப் பெட்டிகளின் அடியில் ஈர மணல் ஒட்டியிருக்கும். பூர்கோன் மண் ஒட்டினால் சுடுதண்ணீர் ஊற்றாமல் போகாது, அவ்வளவு பிடிவாதம். தெற்கிலிருந்து வருவது சிவப்பு மண். அது சப்பாத்தில் ஏறி வீடு வரை வந்துவிடும்.

நான் வேலை செய்வது வைன் செய்கிற இடத்தில். பாரிஸ் நகரத்துக்குள்ளே வைன் செய்கிறார்களா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். லா ஷப்பலில் தண்டவாளங்களுக்குப் பின்னால் பழைய களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு பிரெஞ்சுப் பெண் நடத்துகிறார். மதாம் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு துண்டுத் தோட்டம்கூட இல்லை. நாட்டின் நாலு பக்கத்திலும் உள்ள சின்னத் தோட்டக்காரர்களிடம் பழம் வாங்கி, குளிரூட்டிய லொறியில் கொண்டுவந்து, இங்கேயே பிழிந்து, புளிக்கவைத்து, பீப்பாயில் ஊற்றி வைக்கிறார். வாசலைத் தாண்டினால் நாலு நிமிட நடையில் எங்கள் கடைகள். கறிவேப்பிலை வாங்கப் போகிறவர்களுக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரியாது.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். அங்கே பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். எனக்குச் சொந்தமில்லை, ஆனால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜூன் மாதம் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். வைன் செய்கிற இடத்தில் பாதி வேலை கழுவுவதுதான் என்பது போனபிறகுதான் தெரிந்தது. தொட்டி கழுவு, குழாய் கழுவு, நிலம் கழுவு, கழுவியதை மறுபடி கழுவு. எனக்கு அது பிடித்திருந்தது. அழுக்கைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். அப்படி ஒரு குணம். அதனால் வாங்கிக் கட்டியதும் உண்டு.

இனி எனக்கு என்ன அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் யாழ்ப்பாணத்தில் என் தங்கை வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பா இறந்தபின் நான் இங்கே வந்தபோது அவளுக்கு எட்டு வயது. எனக்கு விசா அட்டை கிடைத்து முடிவதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். பிள்ளையை இங்கே கூப்பிடுவதென்றால் அவளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் விண்ணப்பம் கையளிக்க வேண்டும். அந்த வருடம் நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு. என் கோப்பில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. நிரந்தர வேலை ஒப்பந்தம், எங்கள் ஆட்கள் கொந்த்ரா என்பார்கள். அது இல்லாமல் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள் என்று கடுதாசி எழுதித் தருகிறவர் சொன்னார். மதாமிடம் கேட்டேன். "அறுவடைக் காலம் முடியட்டும், ஒழுங்காகப் போனால் எழுதித் தருகிறேன்" என்றார். அறுவடை செப்டெம்பர் கடைசியில் முடியும். ஆக, எனக்கும் என் மகளுக்கும் நடுவில் சில கிழமைகளும் கொஞ்ச முந்திரிகைப் பழமும்தான் இருந்தன. எங்கள் பக்கம் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம்.

பழம் வரத் தொடங்கியதும் என்னைப் பெல்ட்டுக்கு மாற்றினார்கள். ஒருவர் பெட்டியைக் கவிழ்ப்பார், பழக்குலைகள் பெல்ட்டில் மெதுவாக நகர்ந்து வரும், நான் இலை, குச்சி, அழுகல், சிலந்தி எல்லாவற்றையும் பொறுக்கி எறிவேன். மிச்சம் மேலே ஏறிப் பிழியும் இயந்திரத்துக்குள் விழும். முதல் நாளிலிருந்தே எனக்கு ஒரு குறை. பழத்தை ஒருவரும் கழுவவில்லை. தொட்டியை மூன்று தரம் கழுவுகிறார்கள், பழத்தை ஒரு தரம்கூட இல்லை. எங்கேயோ தோட்டத்திலேயே கழுவி அனுப்புகிறார்கள் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை லுவார்ப் பக்கத்திலிருந்து பதினைந்து பெட்டி வெள்ளை முந்திரிகை வந்தது. ஒரு வயதான தோட்டக்காரி வருடத்துக்கு அவ்வளவுதான் தருவாராம், பழைய கொடிகளாம். மதாம் அதை வேறு எதனுடனும் கலக்கமாட்டார், தனிப் பீப்பாய். பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள் மழை. குலைகளில் சேறு தெறித்திருந்தது. அதோடு நீலம் கலந்த வெள்ளைப் பூச்சு, காம்பெல்லாம். எனக்கு அது என்னவென்று தெரியும். ஊரில் முந்திரிகைத் தோட்டத்துக்கு மருந்து அடித்தால் இப்படித்தான் படிந்திருக்கும். சந்தையில் வாங்கி வந்தால் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அலசித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கழுவாமல் கொடுக்கிற தாயைத் தாய் என்று சொல்லமாட்டார்கள்.

பத்தரை மணிக்கு மதாமுக்குத் தொலைபேசி வந்தது. வேறு ஒரு லொறி பக்கத்துச் சந்தியான போர்த் த லா ஷப்பலில் வாகன நெரிசலில் நிற்கிறது, சாரதிக்கு வழி தெரியவில்லை. "வந்ததும் இதைப் பிழிவோம், எல்லாவற்றையும் ஆயத்தமாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் தனியே அந்தப் பதினைந்து பெட்டிகளோடு நின்றேன்.

நிற்க முடியவில்லை. என் சாமான் பை அங்கேயே இருந்தது. வேலைக்கு வரும் வழியில் வாங்கிய உப்புப் பைக்கற்றும் மஞ்சள்தூள் பைக்கற்றும் அதற்குள் இருந்தன. காலையில் நானே தேய்த்து வைத்த இரண்டு பெரிய தொட்டிகளில் தண்ணீர் பிடித்தேன். உப்பைக் கொட்டினேன், மஞ்சளைக் கொட்டினேன், குலை குலையாக இறக்கினேன். தண்ணீர் மண்ணிறமானது, அதன் மேல் ஒரு நீலப் படலம் மிதந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும். இதையா இத்தனை விலை கொடுத்துக் குடிக்கிறார்கள் இந்தச் சனம்! அலசி எடுத்த பழம் கண்ணாடி மாதிரி மின்னியது. மதாம் வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். ஒப்பந்தத்தை அன்றைக்கே எழுதித் தந்தாலும் தருவார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது பெட்டியை முடித்தபோது அண்ணை வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன செய்யிறீர்?"

"பாத்தால் தெரியேல்லையே அண்ணை? கழுவுறன். எவ்வளவு ஊத்தை எண்டு பாருங்கோ."

"ஆர் சொன்னது கழுவச் சொல்லி?"

"இதுக்கும் ஆரும் சொல்ல வேணுமே?"

அவர் தொட்டிக்குள் கை விட்டார். விரலை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் செத்துப்போனது. "உப்பு போட்டனீரே? மஞ்சளுமே? ஐயோ தங்கச்சி, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்!"

பிறகு அவர் வேகவேகமாகச் சொன்னதில்தான் எனக்கு விளங்கியது. பழத்தோலில் மா தூவினமாதிரி ஒன்று இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அதில் இருக்குமாம், அதுகள்தான் பழரசத்தைப் புளிக்கவைத்து வைனாக்குகின்றன. மதாம் வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை, அதை மட்டுமே நம்பியிருக்கிறார். நான் அதைத்தான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். பச்சைத் தண்ணீர் சேர்வதே பிழை. உப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஒரு பீப்பாய் முழுவதும் குழம்புதான். மருந்து? அது தோட்டக்காரர்கள் அளவு பார்த்து அடிக்கிறது, மிச்சம் வண்டலோடு அடியில் போய்விடும் என்றார். எனக்கு அது இன்னும் முழுதாகச் சமாதானமில்லை. ஆனால் அந்த நேரம் வாதாடுகிற நிலையில் நான் இல்லை.

"மதாம் எப்ப வருவா?"

"பத்து நிமிசத்திலை நிக்கிறன் எண்டு இப்பதான் ஃபோன் எடுத்தவ."

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். "இஞ்சை பாரும். நேற்று மழை. எல்லாப் பழமும் ஈரம்தான். நல்ல தண்ணியிலை ஒருக்கா அடிச்சுப்போட்டுப் பெட்டியிலை வைப்பம். அடியிலை அடுக்குவம். ஒருத்தருக்கும் தெரியாது."

"பழுதாப் போகாதே அண்ணை?"

"போனால் வசந்த காலத்திலைதான் தெரியும். ஏன் போனது எண்டு ஆருக்கும் தெரியாது. இப்ப சொன்னீரெண்டால் உமக்குக் கொந்த்ரா இல்லை. கொந்த்ரா இல்லையெண்டால் பிள்ளை இல்லை. யோசியும்."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் குழாயை எடுத்தேன். இரண்டு பேரும் ஆறு பெட்டியையும் அலசினோம். மஞ்சள் போகவில்லை, காம்பில் பிடித்துக்கொண்டது. மிக மஞ்சளான காம்புகளை நகத்தால் கிள்ளி எறிந்தேன். தொட்டித் தண்ணீரைக் கொட்டி, நிலத்தைக் கழுவி, பைக்கற்றுகளைச் சுருட்டிப் பைக்குள் தள்ளினேன். அண்ணை கழுவிய ஆறையும் கீழே அடுக்கி, கழுவாத ஒன்பதையும் மேலே வைத்தார். கடைசிப் பெட்டியை வைக்கவும் வாசலில் மதாமின் குரல் கேட்டது.

மதாம் நல்ல மனநிலையில் வந்தார். லொறி கிடைத்துவிட்டது. நேரே பெட்டிகளிடம் போனார். மேல் பெட்டியிலிருந்து ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினார். "இந்த வருடம் இதுதான் என் மிக நல்ல பழம்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை என் முகம் அதற்கு முன் செய்ததில்லை, பிறகும் செய்யவில்லை.

பெல்ட் ஓடத் தொடங்கியது. மதாம் மேலே பிழியும் இயந்திரத்தின் பக்கத்தில், அண்ணை பெட்டி கவிழ்க்கிற இடத்தில், நடுவில் நான். என் வலது கைப் பக்கத்தில், விபத்து நடந்தால் நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. சேறு தெறித்த, நீலம் படிந்த குலைகள் வந்தன. இலையைப் பொறுக்கினேன். மூன்று. நாலு. என் கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் அடுக்கின் கீழேயே இருந்தது. இன்னும் ஐந்து இருக்கிறது, இன்னும் நாலு இருக்கிறது. மதாம் மேலேயிருந்து ஏதோ பாட்டு முணுமுணுத்தார். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. எட்டாவது பெட்டியில் ஒரு நத்தை வந்தது. அதை எடுத்துக் கீழே விட்டேன். ஒன்பதாவது பெட்டியைக் கவிழ்த்தபோது அண்ணையின் தோள் ஒரு கணம் நின்று பிறகு அசைந்ததைக் கண்டேன்.

பத்தாவது பெட்டி விழுந்தது. பெல்ட்டில் இவ்வளவு நேரமும் வந்த பழத்துக்கும் அதற்கும் குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியும். மா தூவின பூச்சு இல்லை. மொட்டையாக, பளபளவென்று, காம்பில் மஞ்சள் கோடு. அது என்னைத் தாண்டி மேலே ஏறியது. இன்னும் ஒரு முழம் போனால் உள்ளே விழுந்து மற்ற ஒன்பதோடும் கலந்துவிடும்.

பொத்தானை அடித்தேன். அழுத்தவில்லை, கைமுட்டியால் அடித்தேன். பெல்ட் நின்றது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

"என்ன? கை மாட்டிக்கொண்டதா?" மதாம் பதறி இறங்கினார்.

"இல்லை" என்றேன். அதுவரை தெரிந்த பிரெஞ்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நான் கழுவினேன். இதை நான் கழுவினேன். ஆறு பெட்டி. உப்பு. மஞ்சள்."

அவர் நம்பவில்லை. பெல்ட்டிலிருந்து ஒரு குலையை எடுத்து மணந்தார். ஒரு பழத்தைக் கடித்து உடனே துப்பினார். முகம் சிவந்தது. பிறகு கத்தினார், பிரெஞ்சில் எனக்குத் தெரியாத சொற்கள் இவ்வளவு இருக்கின்றனவா என்று நினைக்கும்வரை கத்தினார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவர் திரும்பி அண்ணையின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். என்னை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மத்தியான வெயிலில் கடைத்தெரு வழியே நடந்து வந்தேன். சனிக்கிழமைக் கூட்டம். மரக்கறிப் பை சுமந்த பெண்கள், தொலைபேசிக் கடை வாசலில் சத்தம். இரண்டு பேர் என்னைக் கண்டு சுகம் விசாரித்தார்கள். சுகம் என்றேன். அறைக்கு வந்து கட்டிலில் இருந்து அழுதேன். அழுது முடிந்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளிடம் மறைக்க எனக்குத் தெரியாது, மறைக்கவும் முடியாது. அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறவள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "அந்த மாமா ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதானே சொன்னவர்?"

"ஓம்."

"அப்ப ஏனம்மா சொன்னனீங்கள்?"

"சொல்லாமல் இருக்கேலாமல் போச்சு, பிள்ளை."

"ஆரோ குடிக்கிற குடிக்காக என்னை விட்டிட்டீங்கள்." அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. தங்கைதான் எடுத்து, "அவள் படுத்திருக்கிறாள் அக்கா, விடுங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் போனேன். என் மேலங்கியும் சப்பாத்தும் அங்கே இருந்தன, அதையாவது எடுக்கலாம் என்றுதான். அண்ணை என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கினார். "என்ரை பேரைச் சொல்லேல்லை நீர்" என்றார். பிறகு வண்டியில் ஏறிவிட்டார்.

மதாம் தன் சின்ன அறைக்குள் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. "கோபம் இன்னும் போகவில்லை" என்றார். "ஆறு பெட்டியும் குப்பைக்குப் போனது. பெல்ட்டையும் கழுவ வேண்டியிருந்தது. மிச்ச ஒன்பதைக் காப்பாற்றிவிட்டேன். பீப்பாய் நிரம்பாது." மேசையில் இருந்த ஒப்பந்தத் தாள்களை என் பக்கம் தள்ளினார். "இங்கே எல்லோரும் பிழை விடுகிறார்கள். நான் அதை வசந்த காலத்தில்தான் கண்டுபிடிக்கிறேன். நீங்கள் பெல்ட்டை நிறுத்தினீர்கள். இனி எதையாவது கழுவுவதென்றால் முதலில் என்னைக் கேளுங்கள். உங்கள் முகத்தைக்கூட." அவர் சிரிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பக்கத்தில் போட்டேன் என்றுகூட நினைவில்லை.

சந்திப்பு நாள் கிடைத்துக் கோப்பைக் கையளித்தபோது மகளின் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருந்தது. மிச்சமெல்லாம் காத்திருப்புத்தான், அதில் நாங்கள் இருவரும் பழகியவர்கள். அடுத்த வருடம் அவள் வந்தாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள், படிக்கிறாள், கடைகளில் என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறாள். நல்ல பிள்ளை. ஆனால் கோபம் வந்தால் அந்த ஒன்றை எடுப்பாள். போன கிழமைகூடச் சமையலறையில் நின்று கேட்டாள்: "மதாம் தராமல் விட்டிருந்தால்? நீங்கள் அதைத்தானே தெரிஞ்செடுத்தனீங்கள்?"

நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஒரு பக்கம் அவளையும் மறு பக்கம் வைனையும் வைத்துப் பார்த்து, வைனை எடுத்தேன் என்று அவள் நினைக்கிறாள். அப்படி நடந்திருந்தால் காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அப்படி நடக்கவில்லை. அந்தப் பொத்தானை அடித்த நேரம் என் கண்ணில் இருந்தது பழம் மட்டும்தான். என் பிள்ளை எனக்கு நினைவிலேயே வரவில்லை. இதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்?